வெந்தய வாசம் வரும் ஒயின்

அன்புள்ள ஐயா,

பிரான்ஸில் லியோன் நகரத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் அலுவலக நண்பர்களோடு ஜூரா பகுதிக்குப் போய் அங்கே ‘வேன் ஜோன்’ என்னும் மஞ்சள் ஒயினைக் குடித்துப் பார்த்தேன். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே அம்மாச்சி வீட்டுப் பின்கட்டு கண்முன் வந்து நின்றது. மாங்காய்த் தொக்கு கிளறும் நாள். ஆனால் என்ன வாசம் என்று சொல்ல வரவில்லை. மற்றவர்கள் வால்நட் என்றார்கள், கறி மசாலா என்றார்கள். நான் “பாட்டி வீடு” என்றதும் சிரித்துவிட்டார்கள். இப்படி நினைவு குறுக்கே வருவது ஒயினைச் சுவைக்கத் தடையா? முறையாகப் பழக என்ன செய்ய வேண்டும்?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

தடையே இல்லை. உங்கள் மூக்கு சரியான வீட்டுக்குத்தான் போயிருக்கிறது, பொருளின் பெயரை மட்டும் எடுத்துவரவில்லை. அந்தப் பொருள் வெந்தயம்.

வேன் ஜோன் சவான்யேன் என்ற ஒரே திராட்சையில் செய்வது. மற்ற பெரும்பாலான ஒயின்களில் பீப்பாயில் ஆவியாகிக் குறைவதை அவ்வப்போது ஊற்றி நிரப்புவார்கள், இதில் நிரப்புவதில்லை. குறைந்த இடத்தில் ஒயினின் மேல் ஈஸ்ட் ஒரு மெல்லிய ஆடையாகப் படரும், பாலாடை மாதிரி. அந்த ஆடைக்குக் கீழே குறைந்தது 60 மாதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு லிட்டர் ஊற்றினால் கடைசியில் மிஞ்சுவது சுமார் 62 சென்டிலிட்டர் என்ற கணக்கில்தான் அதன் குட்டைப் புட்டியும் அதே அளவில் இருக்கிறது.

ஈஸ்ட் ஆடை உண்டாக்கும் அசிட்டால்டிஹைடு, ஒயினில் இருக்கும் ஒரு கீட்டோ அமிலத்தோடு ஆண்டுக்கணக்கில் மெதுவாகச் சேரும்போது சோடோலான் என்ற மூலக்கூறு பிறக்கிறது. வெந்தயத்துக்கு அதன் வாசத்தைத் தருவதும் இதே சோடோலான்தான். ‘வெந்தயம் மாதிரி’ என்று உவமை சொல்ல வேண்டியதே இல்லை, இரண்டிலும் ஒரே பொருள். உங்கள் நண்பர்கள் ‘கறி மசாலா’ என்றதும் தப்பில்லை. ஐரோப்பியக் கடைகளில் விற்கும் அந்தப் பொடியில் தூக்கலாக நிற்பது வெந்தயம். கலவையின் பெயரை அவர்கள் சொன்னார்கள், அதற்குள் இருக்கும் ஒற்றைச் சரக்கு உங்கள் நினைவில் இருந்தது. உங்களுடையதுதான் துல்லியம்.

இடம் முதலில் வந்து பெயர் வராமல் போனதற்கும் காரணம் உண்டு. கண்ணும் காதும் அனுப்பும் செய்தி மூளையில் தலாமஸ் என்ற நிலையத்தைக் கடந்துதான் மற்ற இடங்களுக்குப் போகிறது. மணத்தின் பாதை அப்படியல்ல. உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேராகவே தொட்டுவிடுகிறது. சொல் பின்தங்கித்தான் வரும். அதனால் நினைவு வந்ததும் அதிலேயே லயித்துவிடாமல், அந்தக் காட்சிக்குள் நடந்து பாருங்கள். பின்கட்டில் எதெல்லாம் மணத்தது? நல்லெண்ணெய், பெருங்காயம், மிளகாய், வறுத்துப் பொடித்த வெந்தயம், விறகுப் புகை. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே மறுபடி முகருங்கள். பொருந்தாதவை தானாக உதிரும்.

பொருந்தியதையும் சோதித்துத்தான் நம்ப வேண்டும். மணம் அதிகம் இல்லாத மலிவான வெள்ளை ஒயின் ஒன்று வாங்குங்கள், உங்கள் ஊரில் மஸ்கடே சுலபமாகக் கிடைக்கும். அரை டீஸ்பூன் வெந்தயத்தை வெறும் வாணலியில் சிறு தீயில் ஒரு சாயல் சிவக்கும்வரை மட்டும் வறுங்கள். கருகினால் கருகல் வாசம்தான் மிஞ்சும். ஒன்றிரண்டாகத் தட்டி 100 மில்லி ஒயினில் போட்டு, தட்டால் மூடி அரை மணி நேரம் வைத்து, டீ வடிகட்டியில் வடியுங்கள். வறுக்காத வெந்தயத்தில் இன்னொன்று. எதுவும் போடாத ஒயின் மூன்றாவது. பக்கத்தில் வேன் ஜோன். வாசம் ரொம்பத் தூக்கலாக இருந்தால் வெறும் ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நீர்க்கச் செய்யுங்கள். சோடோலான் அடர்த்தியாக இருந்தால் வெந்தயம், நீர்த்தால் காய்ச்சிய சர்க்கரைப் பாகு. ஒரே ஒயினை ஒருவர் மசாலா என்றும் இன்னொருவர் பாகு என்றும் சொல்வது பெரும்பாலும் இந்த அளவு வித்தியாசத்தால்தான்.

கிளாஸில் 50 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். மணம் தங்க மேலே காலி இடம் வேண்டும், வாய் குறுகியிருக்க வேண்டும். வேன் ஜோனைச் சில மணி நேரம் முன்பே திறந்துவிட்டு 14 முதல் 16 டிகிரியில் முகருங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்தால் மணம் எழாது. ஊருக்கு எடுத்துப்போய் 32 டிகிரி அறையில் திறந்தால் ஆல்கஹாலின் காட்டம் எல்லாவற்றையும் மூடிவிடும். சமையல் நடக்கும் வீட்டில், ஊதுபத்தி ஏற்றிய அறையில் இந்தச் சோதனையே வேண்டாம்.

இன்னொன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: யாரும் வாய் திறக்கும் முன் எழுதிவிடுங்கள். நினைவைப் போலக் கெடுக்கச் சுலபமானது வேறில்லை. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்ஸின் போர்தோ நகரில் ஒயின் பயிலும் 54 மாணவர்களிடம் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய சொற்களிலேயே அவர்கள் அதை வருணித்தார்கள். நிறமே இவ்வளவு செய்யுமென்றால், பக்கத்திலிருப்பவர் ‘வால்நட்’ என்று சொன்ன பிறகு உங்கள் பின்கட்டு எங்கே நிற்கும்?

அதேபோல், உங்களுக்குத் தெரிவது அவருக்குத் தெரியவில்லை என்றால் வாதாட வேண்டாம். சிரா என்ற சிவப்பு ஒயினில் மிளகு வாசம் தரும் ரோட்டண்டோன், நம் மிளகிலும் இருப்பதுதான். ஆனால் ஐந்தில் ஒருவருக்கு அது அறவே தெரியாது.

இனிய நினைவைத் தருவதெல்லாம் நல்ல ஒயின் என்றும் எண்ணிவிடாதீர்கள். மழையில் நனைந்த சாக்கு, ஈர அட்டைப் பெட்டி நினைவுக்கு வந்தால் அது கார்க்கில் உண்டாகும் டிரைகுளோரோஅனிசோல். லிட்டருக்குச் சில நானோகிராமே போதும், பழ வாசம் முழுக்க அடங்கிவிடும். புட்டியைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். வெந்தயமே கூட, இரண்டு மூன்று வருட சாதாரண வெள்ளை ஒயினில் வந்தால் காற்றுப் பட்டுச் சீக்கிரமே முதிர்ந்துவிட்டது என்று பொருள்.

வேன் ஜோன் ஏற்கெனவே காற்றோடு பழகிய ஒயின். திறந்த புட்டியை மூடிக் குளிர்ந்த இடத்தில் நிறுத்தி வைத்தால் சில வாரங்கள் தாங்கும். முதல் நாள் எழுதியதை மறைத்துவைத்து, பத்தாம் நாள் புதிதாக முகர்ந்து எழுதிவிட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். என்ன கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள்.