பாலினக் கற்கைகளில் ஆய்வு முதுகலை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பாலினக் கற்கைகளில் (ஆண், பெண் என்ற வேறுபாட்டைச் சமூகம் எப்படி உருவாக்குகிறது என்று ஆராயும் துறை) ஆய்வு முதுகலை முடித்தவள் நான். அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்தன. பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மதுரை): அக்கா, சாதாரண எம்.ஏ.வுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அங்கே ஓராண்டு முதுகலையும் உண்டு, இரண்டாண்டு ஆய்வு முதுகலையும் உண்டு. முதலாவது 60 கிரெடிட், இரண்டாவது 120. கிரெடிட் என்பது படிப்பின் உழைப்பை அளக்கும் அலகு. ஒரு கிரெடிட்டுக்கு 28 மணி நேர உழைப்பு என்று கணக்கு. வகுப்பில் உட்காரும் நேரம் அதில் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வாசிப்பும் எழுத்தும். முனைவர் பட்டம் வரை போக நினைப்பவர்களை மனதில் வைத்துத்தான் ஆய்வு முதுகலையை அமைத்திருக்கிறார்கள்.

முதல் பருவத்திலேயே அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர் டோனா ஹாரவே 1988இல் எழுதிய கட்டுரை ஒன்றை வாசித்தோம். எல்லா அறிவும் யாரோ ஒருவர் ஓர் இடத்தில் நின்று பார்த்ததுதான், அந்த இடத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது அதன் வாதம். அப்புறம் ஒவ்வொரு கட்டுரையிலும் நான் நிற்கும் இடத்தை எழுத வேண்டியிருந்தது. என் சாதியை, அது எனக்குத் திறந்துவிட்ட கதவுகளை முதல் தடவை எழுதியபோது கை நடுங்கியது. அந்தப் படிப்பு எனக்குத் தந்ததில் பெரியது அதுதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி (கோவை): நான் பி.இ. படித்தவள். நேரடியாகச் சேர முடியுமா?

கஷ்டம். மானுடவியல், சமூகவியல், இலக்கியம், வரலாறு மாதிரி ஏதோ ஒன்றில் அடிப்படை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றும் கையில் இருக்க வேண்டும். முதலில் இங்கேயே ஓர் எம்.ஏ. முடியுங்கள். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மகளிரியல் துறை இருக்கிறது, கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது, டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தில் பாலினக் கற்கைகளுக்கென்றே எம்.ஏ. இருக்கிறது.

கேள்வி (சேலம்): இந்தியாவில் எம்.ஃபில். செய்தால் போதாதா?

எம்.ஏ.வுக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவில் இருந்த எம்.ஃபில். ஆய்வுப் பட்டம் இப்போது இல்லை தம்பி. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைகளோடு அதை நிறுத்திவிட்டார்கள். அது போனதில் எனக்கு வருத்தம்தான். முனைவர் பட்டத்தில் இறங்குவதற்கு முன், ஓரிரு வருடம் ஆழம் பார்க்க ஒரு வாய்ப்பாக இருந்தது. இனி எம்.ஏ. முடித்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுத வேண்டும், மகளிரியல் அதில் தனிப் பாடமாகவே இருக்கிறது. அதன் வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய்.

கேள்வி (திருப்பூர்): “பெண் தொழிலாளர்கள் மீதான சுரண்டல்” என்பது என் தலைப்பு. சரியாக இருக்குமா?

இது ஒரு துறைக்கே போதுமான தலைப்பு. உங்கள் சித்தி, நூற்பாலைகள் இளம்பெண்களை ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுத்த சுமங்கலித் திட்டத்தில் மூன்று வருடம் மில் விடுதியில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அங்கிருந்து தொடங்குங்கள். ஒப்பந்தம் முடியும்போது கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்லித்தான் அந்தத் திட்டத்தில் பெண்களைச் சேர்த்தார்கள். அந்தப் பணம் யார் கைக்குப் போனது? நகையானதா, அண்ணனின் கடனை அடைத்ததா? “என் சம்பாத்தியம்” என்ற சொல்லை அந்தப் பெண்கள் இன்று எந்தத் தொனியில் சொல்கிறார்கள்? ஓர் ஊரில், வீடு திரும்பிய பத்துப் பன்னிரண்டு பெண்களிடம் பொறுமையாகப் பேசினாலே இரண்டு வருடத்துக்கு வேலை இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். சாதியைத் தனி அத்தியாயமாக ஒதுக்கிவிடாதீர்கள். ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதற்கு அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இன்டர்செக்ஷனாலிட்டி என்று பெயரிட்டது, அமெரிக்க வழக்குகளில் கறுப்பினப் பெண்களின் அனுபவம் இனம், பாலினம் இரண்டுக்கும் நடுவில் காணாமல் போவதைக் காட்டத்தான். தலித் பெண்கள் வேறுவிதமாகப் பேசுகிறார்கள் என்று அரசியல் அறிஞர் கோபால் குரு 1995இல் எழுதினார். மில்லுக்கு யார் வீட்டுப் பெண்கள் போனார்கள் என்று கேட்டாலே சாதி முதல் பக்கத்துக்கு வந்துவிடும்.

கேள்வி (விழுப்புரம்): பணத்துக்கு என்ன செய்வது?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு அதிகம். கடன் வாங்கிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைத் திட்டத்தில் கெம்மா என்ற பாலினக் கற்கைகள் முதுகலை இருக்கிறது, ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கிறது, அதைப் பாருங்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. ஆனால் 2022இல் அதன் விதிகளில் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் சார்ந்த ஆய்வுத் தலைப்புகளை விலக்கிவிட்டார்கள். தன் சமூகத்தைத் தானே ஆராய நினைக்கும் ஒரு தலித் மாணவிக்குச் செய்த அநியாயம் இது. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியை வரி விடாமல் வாசியுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): ஆண்கள் சேரலாமா?

தாராளமாக.

கேள்வி (யாழ்ப்பாணம்): எண்பதுகளில் எங்கள் ஊரில் இயங்கிய பெண்கள் சங்கத்தைப் பற்றி ஆய்வு செய்ய ஆசை. ஆவணங்கள் யுத்தத்தில் அழிந்துபோயின. கடதாசி இல்லாமல் ஆய்வு செய்ய ஏலுமோ?

ஏலும் தங்கச்சி. 1935இல் ஆம்ஸ்டர்டாமில் ரோசா மானுஸ் முதலான மூன்று பெண்கள் பெண்கள் இயக்கத்துக்கென்று ஓர் ஆவணக் காப்பகம் தொடங்கினார்கள். 1940இல் நாஜிகள் அதை அப்படியே அள்ளிக்கொண்டு போனார்கள். எல்லாம் அழிந்துவிட்டது என்றிருந்தபோது, 1992இல் அதில் ஒரு பகுதி மாஸ்கோவில் இருப்பது தெரியவந்தது. ஊர் திரும்ப 2003 ஆனது. அந்தக் காப்பகம் இன்று அட்ரியா என்ற பெயரில் இயங்குகிறது. திரும்பி வந்தவை போலவே, வராமல் போனவையும் அங்கே ஆய்வுப் பொருள்தான்.

1981இல் நூலகம் எரிந்ததைக் கண்ட ஊருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் சங்கத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள் என்று முதலில் பட்டியல் போடுங்கள். மூத்தவரிடம் முதலில் போங்கள். பதிவு செய்வதற்கு முன் சம்மதம் கேளுங்கள், பெயரை மறைக்கச் சொன்னால் மறையுங்கள், ஒலிப்பதிவின் பிரதி ஒன்றை அவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கேட்கப்போகும் கேள்விகளை எழுதி எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து திருத்துவோம்.