சண்டைதானே, பார்க்கட்டுமே!

கேள்வி: மழைக்கு நாலு நாளாகப் பள்ளிக்கூடம் லீவு. கராத்தே வகுப்புக்குப் போகும் என் மகனுக்கு 11 வயது. ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். மகளுக்கு 6 வயது. அண்ணன் எதைப் பார்த்தாலும் அவளும் வந்து ஒட்டிக்கொள்வாள். “சண்டைதானே, பார்க்கட்டுமே. நாமெல்லாம் பார்த்து வளரலையா?” என்கிறார் என் கணவர். காட்டலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: மகளுக்குக் கூடவே கூடாது. மகனுக்கு 14, 15 வயது ஆகட்டும்.

உங்கள் வீட்டுக்காரர் ‘சண்டைதானே’ என்கிறார். 1999-இல் வந்த அந்தப் படத்தில் குழந்தைக்குக் காட்டத் தகுந்தது ஏதாவது இருக்கிறது என்றால், அது அந்தச் சண்டையில் ஒரு பகுதிதான். ஹாங்காங்கிலிருந்து யுவென் வூ-பிங் வந்து நடிகர்களை மாதக்கணக்கில் பழக்கி அமைத்த சண்டைகள் அவை. பயிற்சி அறையில் குருவும் சீடனும் மோதும் காட்சியைப் பாருங்கள். கடைசியில் சீடனின் குத்து குருவின் முகத்தருகே வந்து அப்படியே நின்றுவிடும். கராத்தே மாஸ்டர் உங்கள் மகனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்: அடிக்கத் தெரிந்த கைக்கு நிறுத்தவும் தெரிய வேண்டும். அந்த ஒரு காட்சியை மட்டும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்குக் காட்டினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதற்கு முன்பே வேறொரு காட்சி வந்துவிடும். விசாரணை அறையில் நாயகனின் உதடுகள் பிசின் போல ஒட்டிக்கொண்டு, வாய் இருந்த இடமே தெரியாமல் தோலாகிவிடும். அவன் கத்தப் பார்ப்பான், சத்தம் வராது. அவனை மேஜையில் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, பூச்சி மாதிரி நெளிகிற ஒரு கருவி அவன் தொப்புள் வழியாக உள்ளே போகும். நாங்கள் குன்னூரில் குடியிருந்தபோது, எட்டு வயதில் என் மகன் இதைப் பார்த்துவிட்டான். நான்தான் போட்டுக் காட்டினேன். அதற்கப்புறம் ஒரு மாதம் அவன் தொப்புளைக் கையால் பொத்திக்கொண்டுதான் தூங்கினான். மேலே போர்வை, அதற்குள் கம்பளி, அதற்குள் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தச் சின்னக் கை. விலக்கினால் தூக்கத்திலேயே மறுபடி அங்கே போய்விடும். சண்டைகளைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

“அதெல்லாம் கிராஃபிக்ஸ்டா கண்ணு” என்று எத்தனையோ தடவை சொன்னேன். பலனில்லை. திரையில் பார்ப்பது குழந்தைகளை எப்படிப் பயமுறுத்துகிறது என்பதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் ஜோஆன் கேன்டர். சின்னக் குழந்தைகள் கோரமான தோற்றத்துக்கே பயப்படுவார்கள், ‘நிஜமில்லை’ என்ற விளக்கம் அவர்களிடம் அவ்வளவாக எடுபடாது, அணைத்துக்கொள்வதுதான் ஓரளவு உதவும் என்கிறார் அவர். கரடி நடமாடும் ஊர் உங்களுடையது. இருட்டினால் வாசலுக்குப் போக உங்கள் மகள் ஏற்கெனவே தயங்குவாள். அந்தப் பயத்திலாவது ஒரு நியாயம் இருக்கிறது. இதையும் ஏன் அவள் தலையில் ஏற்ற வேண்டும்?

மகனின் விஷயம் வேறு. தொப்புள் காட்சியை அவன் தாங்கிவிடலாம். எனக்குக் கவலை ஒரு கட்டடத்தின் முகப்பு மண்டபத்தில் நடக்கும் சண்டைதான். நீளக் கோட்டுக்குள் துப்பாக்கிகளை அடுக்கிக்கொண்டு நாயகனும் நாயகியும் நுழைகிறார்கள். தூண்கள் சிதறுகின்றன, இசை அதிர்கிறது, காவலர்கள் வரிசையாகச் சாய்கிறார்கள். அந்தக் காவலர்கள் யார்? இயந்திரங்கள் கட்டிய கனவுக்குள் சிக்கிய சாதாரண மனிதர்கள். இவர்களை மீட்கத்தானே நாயகர்கள் போராடுகிறார்கள்! கனவில் செத்தால் நிஜத்திலும் சாவுதான் என்று படமே முன்னால் சொல்லிவிட்டது. ஆனாலும் விழுந்த ஒருவருக்காகவும் யாரும் ஒரு நொடி நிற்பதில்லை. இயந்திரங்களின் ஆட்களான ‘ஏஜென்ட்’கள் அந்தக் கனவுக்குள் இருக்கும் மனிதர்களின் உடலில் புகுந்துகொள்பவர்கள். மொட்டைமாடியில் சுடப்பட்ட ஏஜென்ட் விழுந்ததும், அங்கே கிடப்பது ஒரு ஹெலிகாப்டர் பைலட்டின் உடல். 15 வயதுப் பையனிடம் இதைக் கேட்டால் யோசிப்பான், சண்டைகூடப் போடுவான். 11 வயதில் கோட்டும் துப்பாக்கியும்தான் மனதில் நிற்கும். அமெரிக்காவில் 17 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் துணையில்லாமல் தியேட்டரில் பார்க்க முடியாத படம் இது. பிரிட்டனில் 15 வயது ஆகியிருந்தால்தான்.

‘நாமெல்லாம் பார்த்து வளரலையா’ என்பதற்கு வருகிறேன். நானும் ஊட்டி அசெம்ப்ளி ரூம்ஸில் இங்கிலீஷ் படம் பார்த்து வளர்ந்தவன்தான். சுற்றிலும் விசில், சிரிப்பு, இடைவேளையில் வெளிச்சம், முறுக்கு. பயம் வந்தால் அதைப் பங்குபோட ஊரே இருந்தது. வெளியே மூடுபனியும் மழையுமாக, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத வீட்டில் சின்னத் திரையை உற்றுப் பார்ப்பது அதுபோல ஆகாது.

இனிமேல் எந்தப் படமானாலும் சான்றிதழைப் பாருங்கள். பெற்றோர் வழிகாட்டலோடு குழந்தைகள் பார்க்க வேண்டிய படங்கள் எல்லாவற்றையும் 1983 முதல் ஒரே ‘யு/ஏ’ பெட்டியில் போட்டுவந்தார்கள். 2024-இல் வந்த விதிகள் அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டன. ஓடிடி தளங்களில் 2021 முதலே இந்தப் பிரிவுகள் உண்டு. 13+-க்கும் அதற்கு மேற்பட்டதற்கும் பூட்டுப் போடும் வசதி அவர்கள் தந்தாக வேண்டும். அந்தப் பூட்டை இன்றைக்கே போடுங்கள்.

சரி, லீவில் பையனுக்கு என்ன காட்டுவது? 2014-இல் வந்த ‘பிக் ஹீரோ 6’. நோயாளிகளைக் கவனிக்கும் குண்டு ரோபோவுக்கு ஒரு சிறுவன் கராத்தே கற்றுக்கொடுக்கிறான். ஒருநாள் கோபத்தில் அதன் மருத்துவ சிப்பைப் பிடுங்கிவிட்டு, சண்டை சிப்பை மட்டும் விட்டு ஏவுகிறான். அந்த ரோபோ அப்போது என்ன ஆகிறது என்பதைப் பார்த்த பிறகு, “நீ அவன் இடத்தில் இருந்தால்?” என்று மகனிடம் கேளுங்கள். அதில் ஓர் அண்ணன் தீயில் இறந்துபோகிறான். அண்ணன்மேல் உயிராக இருக்கும் உங்கள் மகளுக்கு அது வலிக்கும். அந்த நேரம் அவளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அவள் தூங்கிய பிறகு மகனுக்கு மட்டும் மேட்ரிக்ஸைப் போடலாம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். மழை நின்ற ராத்திரியில் நம் வீடுகளில் ஓர் அறைச் சத்தம் அடுத்த அறைக்குத் தெளிவாகக் கேட்கும். அவள் எழுந்து வந்து கதவோரம் நிற்பாள்.