பாஸ்போர்ட் கேள்வி பதில்: இனிஷியலை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கேள்வி: ஆதாரில் என் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் முன்னால் இருக்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலே போடக் கூடாதாம். ‘சர்நேம்’ கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாமா? துபாய் போகும் எண்ணம் இருக்கிறது.
- வாசகர், மன்னார்குடி

பதில்: இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். பேச்சுக்கு, உங்கள் பெயர் முருகன், அப்பா சண்முகம் என்று வைத்துக்கொள்வோம். ‘கிவன் நேம்’ கட்டத்தில் முருகன், ‘சர்நேம்’ கட்டத்தில் சண்முகம் என்று எழுதுங்கள். சர்நேமைக் காலியாக விட்டாலும் விண்ணப்பம் போகும். ஆனால் விடாதீர்கள். துபாய் போகிறவர் விடவே கூடாது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்ற விளக்கம் பிறகு வந்தது. அந்த விளக்கத்தை நள்ளிரவில் செக்-இன் கவுன்ட்டரில் நின்று நீங்கள் எடுத்துச் சொல்லும் நிலை வர வேண்டாம். அமெரிக்க விசாவில் வேறு வகையான தொல்லை. ஒற்றைப் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும், கிவன் நேம் இடத்தில் ‘எஃப்.என்.யூ’ என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். அங்கே ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு வரை அது ஒட்டிக்கொண்டு வரும்.

இப்படி எழுதினால் வெளிநாட்டில் உங்களை அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். நாளை பிறக்கும் பிள்ளைக்கு சர்நேம் ‘முருகன்’ என்று வரும், உங்களுடையது ‘சண்முகம்’ என்று இருக்கும். இதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. பிள்ளையோடு பயணம் போகும்போது பிறப்புச் சான்றிதழின் நகல் ஒன்று கையில் இருந்தால் போதும்.

தவறு அதிகம் நடப்பது எழுத்துக்கூட்டலில்தான். சண்முகம் என்பது ஓர் ஆவணத்தில் ‘எஸ்’ என்று தொடங்கும், இன்னொன்றில் ‘எஸ்-எச்’ என்று தொடங்கும். ஆதார், மார்க் ஷீட், பிறப்புச் சான்றிதழ், பான் கார்டு நான்கையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் மார்க் ஷீட்டிலும் உள்ளதை வைத்துக்கொண்டு, திருத்த எளிதான ஆதாரை முதலில் திருத்துங்கள். இனிஷியலையும் ஆதாரிலேயே விரித்துவிட்டால் கவுன்ட்டரில் பேச்சே எழாது. அப்பா பெயரை எழுதும்போது அவருடைய இனிஷியலைப் பலர் சேர்த்துவிடுகிறார்கள். அதுவும் கூடாது.

நேரில் போக வேண்டிய பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் ஏ, பி, சி என்று மூன்று கட்டமாகக் கவுன்ட்டர்கள் இருக்கும். ‘ஏ’யில் போட்டோவும் கைரேகையும் எடுத்து, உங்கள் விவரங்களைத் திரையில் காட்டுவார்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் அவசரப்படுகிறாரே என்று தலையாட்டிவிடாதீர்கள். அங்கே சொன்னால் அப்போதே திருத்துவார்கள். அச்சாகி வந்த பிறகு உங்கள் பக்கத்துப் பிழையைத் திருத்துவதென்றால் மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் 1,500 ரூபாய்.

கேள்வி: சொந்த ஊர் பரமக்குடி. சென்னையில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறேன். எந்த முகவரியைக் கொடுப்பது? போலீஸ் விசாரணைக்குப் பணம் கேட்பார்களா?
- வாசகர், சென்னை

பதில்: இப்போது குடியிருக்கும் முகவரிதான் தற்போதைய முகவரி. ஊர் முகவரியைக் கொடுத்தால் விசாரிக்க வருகிறவர், “பையன் மெட்ராஸ்ல இருக்கான்” என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு போவார். ‘இந்த முகவரியில் வசிக்கவில்லை’ என்று அறிக்கை போகும், கோப்பு அப்படியே நிற்கும். சென்னை முகவரிக்கு ஆதாரை மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது பதிவு செய்த வாடகை ஒப்பந்தத்தை வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த கைபேசி எண்ணை இடையில் மாற்றாதீர்கள். வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. விசாரணைக்குத் தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் மேல் குற்ற வழக்கு ஏதாவது நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் மறைக்காதீர்கள். 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6ஆம் பிரிவு அதைக் காரணமாக வைத்து மறுக்க இடம் தருகிறது. ஆனால் அதே நீதிமன்றத்தில் வெளிநாடு செல்ல அனுமதி வாங்கினால், 1993ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி பாஸ்போர்ட் கிடைக்கும். உத்தரவில் கால அளவு சொல்லப்படவில்லை என்றால் ஓராண்டுக்குத்தான் தருவார்கள். எனவே எத்தனை ஆண்டு என்பதையும் உத்தரவில் எழுதிக் கேட்கும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். வழக்கை மறைத்தால் அந்த மறைப்பே தனிக் குற்றம்.

கேள்வி: என் தம்பி எட்டாம் வகுப்பு வரை படித்தவன். சவூதியில் டிரைவர் வேலை என்று ஓர் ஏஜென்ட் சொல்கிறார். பாஸ்போர்ட்டில் ‘ஈ.சி.ஆர்’ என்று இருப்பதால், விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். சரியா?
- வாசகி, கடையநல்லூர்

பதில்: அனுப்பாதீர்கள். ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்று பொருள்படும் அந்த மூன்று எழுத்து உங்கள் தம்பியைப் பாதுகாக்கத்தான் இருக்கிறது. சவூதி, குவைத், ஓமன், கத்தார், பஹ்ரைன், அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு ஈ.சி.ஆர் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போவதென்றால் குடிபெயர்வு அனுமதி வேண்டும். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் அதைத் தருகிறது, விண்ணப்பம் ‘இ-மைக்ரேட்’ தளம் வழியாகப் போகும். வேலை ஒப்பந்தம், சம்பளம், முதலாளி யார் என்பதெல்லாம் அதில் பதிவாகிவிடும். நாளைக்குச் சம்பளம் வராமல் போனாலோ பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டாலோ, தூதரகம் கையில் எடுத்துப் பேச இருக்கும் தாள் அதுதான். விசிட் விசாவில் போனவருக்கு அது இல்லை. வேலை செய்ததே சட்டமீறல் என்று முடிந்துவிடும்.

ஏஜென்டிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். இ-மைக்ரேட் தளத்தில் அதைப் போட்டால் உயிரோடு இருக்கும் பதிவா, காலாவதியானதா என்று தெரியும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. ரசீது கட்டாயம். லட்சக்கணக்கில் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். ‘பிரவாசி பாரதிய பீமா’ காப்பீடும் எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

தம்பி தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு தேறிவிட்டால் சான்றிதழைக் காட்டி மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். புதிய புத்தகத்தில் ஈ.சி.ஆர் வராது. வேலைக்கு அல்லாமல் சும்மா சுற்றிப் பார்க்கப் போகும் ஈ.சி.ஆர் பாஸ்போர்ட்காரருக்கு இந்த அனுமதி தேவையில்லை, விசாவும் திரும்பும் டிக்கெட்டும் போதும். இந்தச் சலுகையைத்தான் அந்த ஏஜென்ட் வளைக்கப் பார்க்கிறார்.

கேள்வி: கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். ஒரு வயதுக் குழந்தைக்கு நான் மட்டும் போய் பாஸ்போர்ட் எடுக்க முடியுமா?
- வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: முடியும். கணவரின் ஒப்புதலை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பச் சொல்லுங்கள். இருவருடைய பாஸ்போர்ட் நகல்களையும் எடுத்துப் போங்கள். குழந்தை சேவா கேந்திரத்துக்கு நேரில் வர வேண்டும். நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அங்கே போட்டோ எடுக்க மாட்டார்கள். வெள்ளைப் பின்னணியில் 4.5 × 3.5 செ.மீ. அளவில் நீங்களே கொண்டுபோக வேண்டும். 18 வயதுக்குக் கீழ் கட்டணம் 1,000 ரூபாய், எட்டு வயதுக்குள் என்றால் புதிய பாஸ்போர்ட்டுக்கு அதிலும் 10 சதவீதம் தள்ளுபடி. ஐந்தாண்டு செல்லும்.

முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிச் சான்றாக அது ஒன்றுதான் செல்லும். மருத்துவமனையில் பதிந்த கையோடு வாங்கிய சான்றிதழில் குழந்தையின் பெயர் இடம் வெறுமையாக இருக்கும். பிறப்புப் பதிவான 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் உண்டு.

கேள்வி: பாஸ்போர்ட் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. மலேசியா போகலாமா? அதில் அமெரிக்க விசாவும் இருக்கிறது.
- வாசகர், கோவை

பதில்: ஆறு மாதம் இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இப்போதே மறுவெளியீட்டுக்குப் போடுங்கள், முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அவசரம் என்றால் தத்கல், மொத்தம் 3,500 ரூபாய். பழைய புத்தகத்தை ரத்து செய்து உங்களிடமே திருப்பித் தருவார்கள். செல்லுபடியாகும் விசா இருப்பதை கவுன்ட்டரில் சொல்லி, அந்தப் பக்கம் சேதமாகாமல் வாங்கிக்கொள்ளுங்கள். பழையதையும் புதியதையும் சேர்த்துக் காட்டி அந்த விசாவில் பயணம் செய்யலாம். மலேசியாவுக்கு இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையும் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் போலி.

கேள்வி: காத்மாண்டுக்கு ஆதார் கார்டு போதுமா? அம்மாவுக்கு 70 வயது.
- வாசகர், சேலம்

பதில்: அம்மாவுக்குப் போதும், உங்களுக்குப் போதாது. 65 வயதைத் தாண்டியவர்களும் 15 வயதுக்குக் கீழானவர்களும்தான் நேபாளத்துக்கு ஆதாரைக் காட்டலாம். மற்றவர்களுக்கு பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணைய வாக்காளர் அட்டை வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் எங்கே போவது?
- வாசகர், தேவகோட்டை

பதில்: முதலில் அந்த ஊர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். அதோடு இந்தியத் தூதரகம். ஊர் திரும்பினால் போதும் என்றால் ‘எமர்ஜென்சி சர்டிஃபிகேட்’ கேளுங்கள், சீக்கிரம் கிடைக்கும். ஆனால் இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டுமே செல்லும். நுழைவு முத்திரையும் பழைய புத்தகத்தோடு போய்விட்டதல்லவா, அதனால் விமான நிலையத்துக்கு நேராகப் போகாமல், அந்த நாட்டுக் குடிநுழைவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதியைக் கேட்டு வாங்கிய பிறகு டிக்கெட் தேதியை முடிவு செய்யுங்கள்.