விழித்திரையில் சிரை அடைப்பு: கரைக்க முடியாதா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 58. விவசாயம். போன மாதம் ஒருநாள் காலையில் வலது கண்ணில் கீழ்ப்பாதி மங்கலாகத் தெரிந்தது. வலி இல்லை. விழித்திரையில் ரத்தக்குழாய் அடைப்பு, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். நெஞ்சடைப்புக்குச் செய்வதுபோல அடைப்பைக் கரைக்க முடியாதா? பிரஷர் மாத்திரையை அவர் நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது.
- வாசகி, வீரவநல்லூர்

பதில்: மாரடைப்பில் அடைபடுவது ரத்தம் கொண்டுவரும் தமனி. இவருக்கு அடைபட்டது ரத்தம் திரும்பிப் போகும் சிரை. கன்னடியன் கால்வாய்ப் பக்கத்து விவசாயிக்கு இது சட்டென்று புரியும்: மடை திறந்திருக்கிறது, வடிகால்தான் அடைத்துக்கொண்டது. பின்னால் அழுத்தம் ஏறி, நுண்குழாய்களிலிருந்து ரத்தமும் நீரும் கசிகின்றன. ஓட்டம் மந்தமாவதால் அந்தப் பகுதிக்கு ஆக்சிஜனும் குறைகிறது. பார்வையின் மையமான மாகுலாவில் நீர் கோத்தால் எழுத்து மங்கும், நேர்கோடு வளைந்து தெரியும்.

விழித்திரையில் தமனியும் சிரையும் குறுக்கிடும் இடத்தில் இரண்டும் ஒரே உறைக்குள் ஒட்டிக் கிடக்கும். வருடக்கணக்கில் பிரஷர் கூடியிருந்தால் தமனி தடித்து, மெல்லிய சிரையை நசுக்கும். அங்கேதான் ரத்தம் உறைகிறது. மாத்திரையை நிறுத்தியதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். முதலில் பிரஷர் பார்த்து, டாக்டர் சொல்கிறபடி மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள். சர்க்கரை, கொழுப்பு, கண் அழுத்தம் மூன்றையும் பார்க்க வேண்டும்.

உறைவைக் கரைக்கும் மருந்து இங்கே வழக்கமான சிகிச்சை இல்லை; ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. ஊசியும் அடைப்பைத் திறக்காது. ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை ஒரு புரதத்தைச் சுரந்து கசிவை அதிகமாக்குகிறது; ஊசி மருந்து அதைக் கட்டுப்படுத்தி வீக்கத்தை வற்ற வைக்கும். அதற்குள் உடம்பே சிறு மாற்றுக் குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். ஒரு ஊசியோடு முடிவது அபூர்வம். ஆரம்பத்தில் மாதம் ஒன்று, அப்புறம் விழித்திரை வீக்கத்தைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் பார்த்து இடைவெளியைக் கூட்டுவார்கள். செலவை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறைய. தள்ளிப்போட வேண்டாம், வீக்கம் நாள்பட நின்றால் பார்வை முழுதாகத் திரும்பாது.

யாராவது நந்தியாவட்டைச் சாறு விடச் சொல்வார்கள். அது விழித்திரைக்குப் போய்ச் சேராது, கண்ணில் புண்தான் மிச்சம்.

பார்வை தேறினாலும் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஆக்சிஜன் கிடைக்காத பகுதி பெரிதாக இருந்தால் பலவீனமான புதுக் குழாய்கள் முளைத்து, உடைந்து, கண்ணுக்குள் ரத்தம் கொட்டலாம். அப்படி முளைத்தால் லேசர் வைப்பார்கள்.

ஊசி போட்ட இடத்தில் சிவப்புத் திட்டு வந்தால் பயப்பட வேண்டாம், தானே மறையும். ஆனால் அடுத்த சில நாட்களில் வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை இறங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.