'வழக்கமாக' என்ற ஒரு சொல்

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிரிட்டன், அங்கிருந்து வந்த பழைய சட்டங்களைக் களைகிறது. சொந்த வீட்டைச் சுத்தம் செய்வதற்கு ஸ்காட்லாந்தும் வேல்ஸும் ஏன் இவ்வளவு கூச்சல் போட்டன?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: சுத்தம் செய்வதை அவர்கள் எதிர்க்கவில்லை. தங்கள் அறைக்குள் லண்டனில் உள்ள மத்திய அரசு நுழைந்து, கேட்காமலே பொருளைத் தூக்கி எறியலாம் என்றதைத்தான் எதிர்த்தார்கள்.

1973 முதல் 2020 வரை உறுப்பு நாடாக இருந்த காலத்தில் சேர்ந்த சட்டங்கள் அவை. பூச்சிக்கொல்லி, உணவுப் பொட்டல விவரம், கடற்கரைக் குளியல் நீரின் தரம், பறவைகளின் வாழிடம் என்று அன்றாட வாழ்வைத் தொடுபவை. லண்டன் தன் அதிகாரத்தில் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுத்த, 1999இல் தொடங்கிய அதிகாரப் பகிர்வின்படி விவசாயம், மீன்பிடி, சுற்றுச்சூழல், உணவுப் பாதுகாப்பு ஆகியவற்றில் பெரும்பகுதி எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து அரசு, கார்டிஃபில் உள்ள வேல்ஸ் அரசு ஆகியவற்றின் பொறுப்பு.

2022 செப்டம்பரில் லண்டன் ஒரு மசோதா கொண்டுவந்தது. ஒரு சட்டத்தைக் காப்பாற்றுவதாகத் தனியே அறிவிக்காவிட்டால், 2023 டிசம்பர் 31 அன்று அது தானாகவே செத்துவிடும். அப்படிப்பட்ட சட்டங்கள் மொத்தம் எத்தனை? முதலில் சுமார் 2,400 என்றார்கள். தேடத் தேடக் கூடி, 4,800ஐத் தாண்டியது. எண்ணி முடிக்காத சட்டங்களுக்கு நாள் குறித்தது பெரிய பொறுப்பின்மை. ஸ்காட்லாந்து, வேல்ஸ் அமைச்சர்களும் தங்கள் துறைச் சட்டங்களைக் காப்பாற்றலாம் என்றது மசோதா. ஆனால் கெடுவை நீட்டிக்கும் அதிகாரம் லண்டன் அமைச்சர்களுக்கு மட்டும்.

2023 மே மாதம் லண்டன் அரசின் அமைச்சர் கெமி பேடனாக் அந்தக் கெடுவைக் கைவிட்டார். சுமார் 600 சட்டங்களைப் பட்டியலிட்டு, அவற்றை மட்டும் நீக்கலாம் என்றார். சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. எஞ்சிய சட்டங்களை நீக்கவும் மாற்றி எழுதவும் அமைச்சர்களுக்குத் தந்த அதிகாரம் அப்படியே இருந்தது, 2026 ஜூன் 23 வரை. பகிர்ந்தளிக்கப்பட்ட துறைகளிலும் அங்குள்ள அரசுகளின் சம்மதம் இல்லாமலே லண்டன் அமைச்சர் அதைப் பயன்படுத்தலாம் என்றிருந்தது. மாற்றி எழுதும்போது விதிகளால் வரும் ஒட்டுமொத்தச் சுமை கூடக்கூடாது என்று நிபந்தனை வேறு. தளர்த்த வழி இருந்தது, இறுக்க வழியில்லை. ஸ்காட்லாந்தோ ஐரோப்பியத் தரங்களோடு சேர்ந்தே நடப்பதற்காக 2021இலேயே தனிச் சட்டம் இயற்றியிருந்தது.

அப்படியானால் சம்மதம் கேட்க வேண்டும் என்ற விதி கிடையாதா? செவல் மரபு என்று ஒன்று உண்டு. பகிர்ந்தளித்த துறைகளில், அந்தச் சட்டமன்றங்களின் சம்மதமின்றி லண்டன் நாடாளுமன்றம் 'வழக்கமாக' சட்டம் இயற்றாது. ஸ்காட்லாந்துக்கு 2016இலும் வேல்ஸுக்கு 2017இலும் அதைச் சட்டத்திலேயே எழுதினார்கள், 'வழக்கமாக' என்ற சொல்லோடு. அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் கெட்டது. இது அரசியல் மரபு, இதைக் காவல் காப்பது நீதிமன்றத்தின் வேலையல்ல என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறு ஆண்டே, ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் மறுத்த பிறகும், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் சட்டம் நிறைவேறியது. அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அப்புறம் 2020இல் விலகல் ஒப்பந்தச் சட்டம், அதே ஆண்டில் உள்நாட்டுச் சந்தைச் சட்டம், இரண்டும் சம்மதமின்றியே. வழக்கத்துக்கு மாறானதே வழக்கமாகிவிட்டது.

2023இலும் அதேதான். பிப்ரவரியில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வாக்களித்துச் சம்மதம் மறுத்தது. வேல்ஸ் சட்டமன்றமான செனெத்தும் மறுத்தது. இதேபோல் அதிகாரம் பகிரப்பட்ட வட அயர்லாந்தில் சட்டமன்றமே முடங்கிக் கிடந்ததால், கேட்கக்கூட ஆளில்லை. ஜூன் 29 அன்று மசோதா சட்டமானது.

நீங்கள் கூச்சல் என்று எழுதியது, மக்கள் தேர்ந்தெடுத்த இரண்டு மன்றங்கள் போட்ட அந்த வாக்குகளைத்தான்.