அம்புக்குறி எந்தப் பக்கம்?

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என் மாணவிகள் ஒரு சார்ட் தயாரிக்கிறார்கள். ‘நடுவில் உள்ள ராட்சதக் கருந்துளை வாயுவையெல்லாம் விழுங்குவதால் காலக்ஸியில் புது விண்மீன்கள் பிறப்பது நின்றுவிடுகிறது’ என்று எழுதி, அம்புக்குறிகளை நடுவை நோக்கிப் போட்டிருக்கிறார்கள். இது சரியா?

பதில்: பிறப்பு நிற்பது உண்மை. அம்புகளைத்தான் திருப்ப வேண்டும்.

கருந்துளையின் வாய் அவ்வளவு பெரிதில்லை. நம் பால்வெளியின் நடுவில் இருப்பது 40 லட்சம் சூரியன்களின் நிறை கொண்டது. ஆனாலும் புதன் கோளின் சுற்றுப்பாதைக்குள் அடங்கிவிடும். பால்வெளியின் குறுக்களவோ சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. விளிம்பில் கிடக்கும் வாயுவை அது இழுத்து விழுங்க வழியே இல்லை.

வேலையைச் செய்வது, விழப்போகும் வாயுவின் கொதிப்பு. அது நேராக உள்ளே போகாமல் தட்டு போலச் சுழன்று, உரசிச் சூடாகிறது. விழும் நிறையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆற்றலாக வெளியே வந்துவிடும். சூரியனுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது கிடைப்பது 0.7 சதவீதம்தான். தட்டிலிருந்து வரும் இந்த ஆற்றல்தான் சுற்றியுள்ள வாயுவை வெளியே தள்ளுகிறது.

எடுத்துக்காட்டுக்கு ஜிஎஸ்-10578 என்ற காலக்ஸியைப் போடச் சொல்லுங்கள். பெருவெடிப்புக்குச் சுமார் 200 கோடி ஆண்டுகள் கழித்து இருந்த நிலையில் அது நமக்குத் தெரிகிறது. நிறை சுமார் 20,000 கோடி சூரியன்கள். அவ்வளவு பெரிதாக வளர்ந்தும், புது விண்மீன் பிறப்பு அப்போதே ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. அதிலிருந்து வாயு நொடிக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுவதை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் கண்டு, கேம்பிரிட்ஜ் தலைமையிலான குழு 2024இல் அறிவித்தது. காலக்ஸியின் ஈர்ப்பையே மீறிப் போகும் வேகம் அது.

அந்த வாயுவில் பெரும்பகுதி குளிர்ந்தது, ஒளிராதது. அப்புறம் எப்படிக் கண்டார்கள்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தெருவில் மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதே மஞ்சளைக் குளிர்ந்த வாயுவில் உள்ள சோடியம் அணுக்கள் உறிஞ்சிக்கொள்ளும். பின்னாலிருக்கும் விண்மீன்களின் ஒளி அதைத் தாண்டி வரும்போது நிறமாலையில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து நீலப் பக்கமாக நகர்ந்திருந்தால், வாயு நம் பக்கமாக வெளியேறுகிறது என்று பொருள்.

விண்மீன் பிறக்கத் தேவையானது இதே குளிர்ந்த வாயுதான். பிறப்பைத் தொடரத் தேவையானதைவிட அதிகமான வாயு வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

ஆகவே நடுவில் ஒரு சிறு தட்டு, உள்நோக்கி இரண்டு மெல்லிய அம்புகள், வெளிநோக்கித் தடித்த அம்புகள். ‘விழுங்குவதால்’ என்பதை ‘வெளியே தள்ளுவதால்’ என்று மாற்றினால் போதும். எல்லாக் காலக்ஸிகளிலும் இதுவே நடக்கிறது என்று மட்டும் எழுத வேண்டாம்.