எழுத்தைத் திருப்பிப் போட்டால் டிஸ்லெக்சியாவா?

கேள்வி: என் மகனுக்கு ஐந்தரை வயது. ஆங்கிலச் சின்ன எழுத்து 'b'யை 'd' மாதிரி எழுதுகிறான். 3, 7 எண்களையும் திருப்பிப் போடுகிறான். டிஸ்லெக்சியாவாக, அதாவது வாசிப்பு சார்ந்த கற்றல் குறைபாடாக, இருக்கலாம் என்று டீச்சர் ஒரு மையத்துக்கு அனுப்பினார். அங்கே அரை மணி நேரம் பார்த்துவிட்டு "உறுதி" என்கிறார்கள். மூளைப் பயிற்சி, கலர் கண்ணாடி சேர்த்து ஆறு மாத கோர்ஸாம். முன்பணம் கட்டலாமா? உண்மையான அறிகுறிகள் என்ன?

பதில்: கட்ட வேண்டாம். ஐந்தரை வயதுக் குழந்தைக்கு அரை மணி நேரத்தில் டிஸ்லெக்சியா உறுதி என்று யாராலும் சொல்ல முடியாது. தனிக் கவனம் கொடுத்துச் சொல்லித் தந்த பிறகும் குறைந்தது 6 மாதம் சிரமம் நீடித்தால்தான் அந்தப் பெயரை வைக்க வேண்டும் என்கிறது 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு. இந்த வயதில் "வாய்ப்பு இருக்கிறது, கவனியுங்கள்" என்று மட்டும்தான் சொல்லலாம்.

திருப்பி எழுதுவது ஆறேழு வயதுவரை ஏராளமான குழந்தைகளிடம் இருக்கும். நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது நாற்காலிதான் என்று பழகிய கண் அது. கோட்டுக்கு வலப்பக்கம் வயிறு வந்தால் ஓர் எழுத்து, இடப்பக்கம் வந்தால் வேறு எழுத்து என்று ஏற்றுக்கொள்ள அதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். 1925இல் சாமுவேல் ஆர்டன் என்ற அமெரிக்க மருத்துவர், எழுத்தின் பிம்பம் மூளையில் இடம் வலமாகக் குழம்புவதே வாசிப்புச் சிரமத்துக்குக் காரணம் என்று எழுதினார். அந்தக் கருத்தை ஆய்வுகள் எப்போதோ தாண்டிவிட்டன. ஆனாலும் பள்ளிகளில் இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பேச்சைச் சின்னச் சின்ன ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எழுத்தோடு கோப்பதில்தான் டிஸ்லெக்சியாவின் சிக்கல் இருக்கிறது. அதனால் நோட்டை மூடி வைத்துவிட்டு அவன் பேச்சைக் கவனியுங்கள்.

'வண்-ணத்-துப்-பூச்-சி' என்று துண்டு துண்டாகச் சொல்லிக் கை தட்டச் சொல்லுங்கள். ஐந்து தட்டு வர வேண்டும். "கல், பல், மரம், இதில் எது ஒட்டவில்லை?" என்று கேளுங்கள். 'பூனைக்குட்டி'யில் பூனையை எடுத்தால் என்ன மிச்சம்? 'கடல்' என்பதில் 'க'வை எடுத்தால்? முதலில் நாலைந்து தடவை நீங்களே செய்து காட்டுங்கள், விளையாட்டாகவே இருக்கட்டும். ஒரு நாள் தவறினால் பொருட்படுத்த வேண்டாம். மூன்று நான்கு வாரம் விளையாடிய பிறகும் கை தட்டுவதே பிடிபடவில்லை என்றால் அது கவனிக்க வேண்டிய விஷயம். ஆனால் 'க'வை 'க்' என்றும் 'அ' என்றும் பிரிக்கச் சொல்லிச் சோதிக்காதீர்கள். தமிழ் எழுத்து முழு அசையாகவே மனதில் பதிவதால் அந்தப் பிரிப்பு இந்த வயதில் எந்தக் குழந்தைக்கும் கடினம்.

பெயர் சொல்லும் வேகமும் முக்கியம். அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஐந்து படங்களை ஒரு தாளில் மாற்றி மாற்றி இருபத்தைந்து கட்டத்தில் வரைந்து, வரிசையாகப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். தெரிந்த பெயருக்கே "அது... அது வந்து..." என்று திரும்பத் திரும்ப நின்றால் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சு தாமதமாக வந்ததா, கிழமைகளை வரிசையாகச் சொல்லத் திணறுகிறானா என்றும் பாருங்கள். உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ சிறு வயதில் வாசிப்பு வராமல் சிரமம் இருந்ததா? வெட்கப்படாமல் யோசித்துப் பாருங்கள். பெற்றோரில் ஒருவருக்கு டிஸ்லெக்சியா இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி.

இனி எழுத்து. திங்களன்று சொல்லித் தந்த நாலு எழுத்து புதனன்று அழிந்துபோகிறது, இப்படியே வாரக்கணக்கில் நடக்கிறது என்றால் அது திருப்பி எழுதுவதைவிடப் பல மடங்கு வலுவான அறிகுறி. 'கொ'வைக் 'கெ' என்று எழுதினால் பதறாதீர்கள். ஒலியில் பின்னால் வரும் 'ஒ', எழுத்தில் முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலுமாகப் பிரிந்து நிற்கிறது. ஏராளமான பிள்ளைகள் அந்தக் காலை விடுவார்கள். ர-ற, ல-ள குழப்பமும் அப்படித்தான். வாயில் வேறுபடுத்திச் சொல்லாததைக் கையால் எப்படி எழுதுவான்?

கதைப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கிறான் என்று நிம்மதி அடையவும் வேண்டாம். படத்தைக் கையால் மூடிவிட்டு, வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டிக் கேளுங்கள். மனப்பாடமாக ஒப்பித்தவன் அங்கே நின்றுவிடுவான்.

ஒரு விலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இன்னொரு மொழி என்றால், பள்ளி மொழியில் வாசிக்கத் திணறுவதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. தெரியாத சொல்லை எழுத்துக் கூட்டினாலும் அது சொல்லாகக் காதில் ஒலிக்காது. பொருள் தெரியாததால் வரும் தடுமாற்றம் அது. மேலே சொன்ன விளையாட்டுகளை வீட்டு மொழியில் செய்யுங்கள். அதில் சரளமாக இருந்தால், அவனுக்கு வேண்டியது பள்ளி மொழியில் நிறையப் பேச்சும் கதையும். இரண்டு மொழியிலும் ஒரே இடத்தில் இடறினால்தான் சந்தேகம் வலுக்கும். இரு மொழி கற்பதால் டிஸ்லெக்சியா வராது; அதற்காக வீட்டு மொழியை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். ஒரே மொழியில், அதுவும் பள்ளி மொழியில் மட்டும், சோதித்துத் தந்த அறிக்கை இப்படிப்பட்ட குழந்தைக்குப் பயன்படாது.

முதலில் காது, கண் இரண்டையும் பரிசோதியுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் தேங்கி, ஒரு வாரம் கேட்டும் ஒரு வாரம் கேட்காமலும் இருக்கலாம். பிறகு பத்து வாரம், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம்: ஐந்து நிமிடம் ஒலி விளையாட்டு, ஐந்து நிமிடம் இரண்டே எழுத்து, ஐந்து நிமிடம் அந்த எழுத்துகளைச் சேர்த்துச் சொல். பழையது நிற்காமல் புதிய எழுத்துக்குப் போகாதீர்கள். எது நின்றது, எது போனது என்று தேதியோடு எழுதி வையுங்கள். முன்னேற்றம் மிகக் குறைவாக இருந்தால் உளவியலாளரிடமோ பயிற்சி பெற்ற சிறப்புக் கல்வியாளரிடமோ அந்த நோட்டோடு போங்கள். ஒலிப் பிரிப்பு, எழுத்தறிவு, பெயர் சொல்லும் வேகம், பொருளற்ற சொல் வாசிப்பு, கேட்டுப் புரிதல் எல்லாம் அறிக்கையில் தனித்தனியாக இருக்க வேண்டும். ஐக்யூ எண் மட்டும் போட்டுத் தந்தால் திருப்பிக் கொடுத்துக் கேளுங்கள்.

கலர் கண்ணாடியும் கண் பயிற்சியும் டிஸ்லெக்சியாவுக்கு உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், கண் மருத்துவர்கள் அமைப்புகள் 2009இலேயே கூட்டாக அறிக்கை விட்டன. கண்ணைக் கட்டி வாசிக்க வைப்பது, வலமூளை இடமூளை பயிற்சி, நினைவாற்றல் சிரப் எதற்கும் காசு கொடுக்காதீர்கள். டிஸ்லெக்சியாவுக்கு மருந்து கிடையாது. சோதிப்பவரே சிகிச்சையும் விற்றால், அதுவும் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள். பள்ளி அனுப்பிய இடம் என்பது தகுதிச் சான்று அல்ல. ஆள் அனுப்பினால் கமிஷன் தரும் மையங்களும் உண்டு.

பள்ளிகள் இரண்டு விதமாகவும் பிள்ளைகளைக் கைவிடுகின்றன. சில பள்ளிகள் இப்படி அவசரமாக முத்திரை குத்தும். மற்றவை "மூன்றாம் வகுப்பு வரட்டும், தானாகச் சரியாகும்" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் வகுப்பில் "ஏன் இவ்வளவு நாள் பார்க்கவில்லை?" என்று பெற்றோரையே கேட்கும். அதற்குள் "நான் மக்கு" என்று பிள்ளையே முடிவு செய்திருப்பான். உதவி தொடங்க முத்திரை தேவையில்லை. டீச்சரிடம் நாளைக்கே மூன்று விஷயம் கேளுங்கள்: வகுப்பில் எல்லார் முன்னாலும் அவனைச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம், பலகையைப் பார்த்து எழுதக் கூடுதல் நேரம் தர வேண்டும், தவறிய எழுத்தை ஐம்பது தடவை எழுத வைக்கக்கூடாது.